ஏட்டுச் சுவடியும் பல்வன்றட்டுச் சேமிப்பும்

எழுதப்பட்ட பொருள் யாதாயினும், அஃது ஒரே படியாக இருக்குமளவும் அழிவை அடுத்தே இருப்பதாகும். இவ்வுண்மையைத் தமிழர் பனையோலைக் காலத்திலேயே நன்கறிந்திருந்தனர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) முதலிய பதிப்பாசிரியர்கள் ஒரு நூலை அச்சேற்றுமுன் அதன் ஏடுகள் பலவற்றைத் தேடித் திரட்டினர். ஓரேட்டிற் செல்லரித்த இடத்தை மற்றோரேடு நிரப்பிற்று. இன்றைய கணினியுலகில் ‘றெயிட்’ எனப்படும் பல்வன்றட்டுச் சேமிப்பு முறையும் இத்தத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது.

1988 ஆம் ஆண்டில், பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றாண்டி காற்ஸ் என்னும் மூவர் இம்முறையை விளக்கி ஆய்வுரையொன்றை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெரிய வன்றட்டு ஒன்றை நம்பியிராது, மலிவான சிறிய வன்றட்டுகள் பலவற்றை ஒருங்கிணைத்து ஒன்றுபோல் இயங்கச் செய்யலாம் என்பது அவர்தம் கருத்து. எனினும், தட்டுகள் பலவாகுந்தோறும் அவற்றுள் ஏதேனுமொன்று பழுதுறும் வாய்ப்பும் பெருகுமன்றோ? ஆதலின், ஒன்று கெடினும் தரவு கெடாதவாறு மிகைப்படியாக ஒரு பகுதியை ஒதுக்கிவைத்தல் இன்றியமையாததாயிற்று.

அவ்வாறு ஒதுக்கும் வகைகள் பல. 2 டெராபைற் கொள்ளளவுள்ள நான்கு தட்டுகளை உதாரணமாகக் கொள்வோம். சுழியாம் வகையில் 8 டெராபைற் முழுவதும் பயன்படும். ஆயின் ஒரு தட்டுக் கெட்டாலும் அனைத்தும் போகும். பத்தாம் வகையில் இவ்விரு தட்டுகள் ஒன்றற்கொன்று படியாக நிற்பதால் 4 டெராபைற்றே எஞ்சும். ஐந்தாம் வகை 6 டெராபைற் தந்து, ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். ஆறாம் வகை 4 டெராபைற் தந்து, எவையேனும் இரு தட்டுகளின் இழப்பைத் தாங்கும்.

ஒரு தட்டின் இடத்தை மட்டும் ஒதுக்கி எத்தட்டின் இழப்பையும் ஈடுசெய்தல் எங்ஙனம் இயலும் என ஐயம் எழலாம். அதன் கணிதம் மிக எளிது. முதற்றட்டில் 1, இரண்டாவதில் 0, மூன்றாவதில் 1, நான்காவதில் 0 எனக் கொள்க. முதல் மூன்றும் தரவு. நான்கிலுமுள்ள ஒன்றுகளைக் கூட்டினால் எப்போதும் இரட்டைப்படையாக வருமாறு அமைக்கப்படும் சமநிலைக் குறியே நான்காவது. முதல் மூன்றில் இரண்டு ஒன்றுகள் உளவாயின் நான்காவதில் 0 இருத்தல் வேண்டும். ஈண்டு 1 காணப்படின், எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்பது தெளிவு. இனி மூன்றாந் தட்டு அழிந்ததெனின், எஞ்சியவற்றில் ஒன்று ஒற்றைப்படையாக நிற்கும். இரட்டைப்படையாக்க வேண்டுமாதலின் இழந்தது 1 என்பது தானே பெறப்படும்.

பழைய சேவையகத்தில் இம்முறையை அமைப்போர் கவனிக்கற்பாலன சில உள. முதலாவது, தொகுதியை உருவாக்குங்கால் தட்டுகளில் முன்னிருந்த தரவு அழிந்துவிடுமாதலின், அதனை முன்னரே வேறிடத்திற் படியெடுத்தல் வேண்டும். இரண்டாவது, பழைய கட்டுப்பாட்டு அட்டைகள் பல 2 டெராபைற்றுக்கு மேற்பட்ட தட்டுகளை முழுமையாக அறியமாட்டா. அன்றியும் அவ்வட்டை பழுதுற்றால் அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்றைத் தேடவேண்டிவரும். லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள்வழித் தொகுதியையோ வேறொரு கணினிக்கு மாற்றுதல் எளிது. மூன்றாவது, ஒரே நாளில் வாங்கி ஒன்றாய் உழைத்த தட்டுகள் அடுத்தடுத்துப் பழுதுறலாம். கெட்டதற்குப் பதிலாகப் புதியதை இட்டு மீளமைக்கும் பல மணிநேரத்தில் எஞ்சிய தட்டுகள் ஓய்வின்றி உழைக்கின்றன. ஐந்தாம் வகையில் அவ்வேளை இன்னொன்று கெட்டால் மீட்சியில்லை. ஆகவே, முதிர்ந்த தட்டுகளுக்குப் பத்தாம் வகையோ ஆறாம் வகையோ சாலச் சிறந்தது.

மின்றடையும் ஒரு பகை. எழுதும்போது மின்சாரம் நின்றால், தரவு புதியதாகவும் சமநிலைக் குறி பழையதாகவும் நின்றுவிடக்கூடும். ஆதலின் தடையிலா மின்வழங்கி வேண்டும். அட்டையில் மின்கலம் இருப்பின் அதன் வலுவையும் சோதித்தல் வேண்டும். மெய்யான தரவை ஏற்றுமுன் ஒரு தட்டைக் கழற்றி, தொகுதி மீள்கின்றதா எனப் பார்த்துவிடுதல் அறிவுடைமை.

இத்துணை செய்தும் ஒரு குறை எஞ்சுகின்றது. தட்டின் பழுதையே இம்முறை தடுக்கும். தவறுதலாக அழித்த கோப்பு எல்லாத் தட்டுகளிலும் ஒருங்கே அழியும். தீயும் வெள்ளமும் களவும் பெட்டியோடு அனைத்தையுங் கொண்டுபோம். 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுள் வேறிடங்களிற் படி இருந்தவற்றைப் பின்னர் தேடிப் பெறலாமாயிற்று. ஒரே படியாயிருந்த சுவடிகள் மீளவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சியின் பயன், இவ்விழப்பை நினைப்பார்க்கு எளிதிற் புலனாகும்.

மன்னார் மாவட்டத்துக் கரையோரக் கிராமமாகிய முள்ளிக்குளத்தின் வரலாறும் இதனையே வற்புறுத்துகின்றது. அவ்வூர் மக்கள் 2007 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர்தம் நிலங்களிற் கடற்படைத் தளம் அமைந்தது. நெடிய போராட்டத்தின் பின், 2017 இல் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை உடன்பட்டது. இத்தகைய ஊர்களில் காணியுறுதி, பிறப்புப் பதிவு, பழைய ஒளிப்படம் ஆகியன வெறுந்தாள்கள் அல்ல. மீண்டும் ஊர் புகுதற்குரிய சான்றுகள். அவற்றை எண்ணிமப் படியாக்கிப் பழைய சேவையகமொன்றிற் சேமிப்பது நற்பணியே. ஆயின் கடற்கரை உப்புக்காற்றுப் படும் ஓரறையில் எத்தனை தட்டுகளை அடுக்கினும், அவ்வறையை விட்டு மக்கள் நீங்கும் நாளில் அவை துணைபுரியா.

ஆகவே, பல்வன்றட்டு முறையால் அன்றாடப் பழுதைக் காத்து, வேற்றூரில் இன்னொரு படியை வைத்து, அப்படியினின்று மீட்க இயலுமா என்பதையும் ஆண்டுதோறும் சோதித்தலே முழுமையான காவலாகும். ஏடுகளை ஊர்தோறும் படியெடுத்து வைத்த முன்னோர் செயலின் பயனை நாம் இன்று துய்க்கின்றோம். நம் பின்னோர்க்கு நாம் ஆற்றவேண்டிய கடனும் அதுவே.