ரசீது கேட்ட அக்கா

எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் ஆம்பூர் வரைக்கும் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஓவர்டைம் முடிந்து வண்டி மெயின் ரோட்டில் இறக்கி விடும்போது நன்றாக இருட்டி விடும். வழியில் ஏதாவது நடந்தால் போலீசுக்குப் போகலாமே என்றால், "அங்கேயா? ஆம்பளைத் துணை இல்லாமலா?" என்பார்கள்.

எங்கள் தெரு அக்கா ஒருத்தியின் கைப்பையைச் சம்பளப் பணத்தோடு பிடுங்கிக் கொண்டு போய் விட்டான் ஒருவன். ஸ்டேஷனுக்கு இரண்டு நாள் போனாள், "நாளைக்கு வாம்மா"தான் பதில். மூன்றாம் நாள் தேதி, நேரம், இடம் எல்லாம் தானே எழுதி, இரண்டு காப்பியோடு போய், "சி.எஸ்.ஆர். ரசீது குடுங்க" என்று நின்றாள். ஒரு பெண் காவலர் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, படித்துப் பார்த்து ரசீது போட்டுக் கொடுத்தாராம். பை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது தெருவில் யாருக்குப் பிரச்னை என்றாலும் அக்காதான் கூடப் போகிறாள்!

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்று எங்கள் வட்டாரத்துக்குத் தெரியும். 2015-ல் பள்ளிகொண்டா போலீசார் ஒரு பெண் காணாமல் போன வழக்கில் விசாரித்த ஆம்பூர் வாலிபர், ஜூன் 26-ந் தேதி இறந்து போனார். அடித்ததால்தான் என்றார்கள் சொந்தக்காரர்கள். மறுநாள் ஆம்பூரில் கலவரம். காவலர்கள் பலர், பெண் காவலர்கள் உட்பட, காயம்பட்டார்கள். கலவர வழக்கில் தீர்ப்பு வர 2025 ஆகி விட்டது. ஒரு பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு, இன்னொரு பக்கம் டியூட்டிக்குப் போய் அடிபட்டு வந்த பெண். இரண்டு வீட்டு அழுகையும் எனக்கு ஒன்றுதான்.

போலீசையும் மக்களையும் சேர்க்க முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது. 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் 'போலீஸ் நண்பர்கள் குழு' ஆரம்பித்தார். 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது அந்தக் குழுவின் மேலும் புகார் எழுந்து, அரசு தடை போட்டது. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஊரில் நாலு பேர் மட்டும் ஸ்டேஷனுக்கு வேண்டியவர்கள் ஆனால், மீதிப் பேர் வேண்டாதவர்கள்தானே?

எனக்கு நண்பர் வேண்டாம். என் மனுவுக்கு ரசீது வேண்டும். அதோடும் விடக்கூடாது. வழிப்பறி என்றால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், நகல் இலவசம். போட மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். சாட்சி விசாரணைக்குப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் இதெல்லாம் அப்படியே இருக்கிறது. அவசரத்துக்கு 181 இருக்கவே இருக்கிறது.

காவல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். இந்த விவரங்களைப் பெரிய எழுத்தில் ஒரு போர்டாக எழுதி ஸ்டேஷன் வாசலில் மாட்டுங்கள். கம்பெனி விடும் நேரத்தில் ஒரு பெண் காவலரை மெயின் ரோட்டில் நிறுத்தி வையுங்கள்.

- ஒரு வாசகி, அணைக்கட்டு.