பேரலைக்கு முன்னால் ஒரு கதவு

பிரான்சின் மேற்கு ஓரம், பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால், பாறை மேல் தனியாக நிற்கிறது லா ழூமான் கலங்கரை விளக்கம். விளக்கைக் காக்க ஆட்கள் உள்ளேயே தங்கியிருந்த காலம் அது. 1989 டிசம்பர் 21, கடும் புயல். புகைப்படக் கலைஞர் ழான் கிஷார் ஹெலிகாப்டரில் அதைச் சுற்றிவந்தார். சத்தம் கேட்ட காவலர், மீட்க வந்துவிட்டார்கள் என்று நம்பிக் கதவைத் திறந்தார். பின்னாலிருந்து எழுந்த பேரலை கோபுரத்தை இருபுறமும் வளைத்தது. கிஷாரின் கேமரா அதைப் பிடித்துக்கொண்டது. காவலரோ சட்டென்று உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினார், பிழைத்தார். வாசலில் அந்த மனிதர் இல்லையென்றால் அலையின் பிரமாண்டம் நமக்குப் பிடிபட்டிருக்காது. சுவரொட்டியாக அந்தப் படம் உலகமெங்கும் விற்றது.