உங்களுக்குத் தெரியுமா? விண்ணிலிருந்து தெரிந்த ‘தீபாவளி’

தீபாவளி நெருங்கினால் சிவகாசியில் பட்டாசு விற்பனை சூடுபிடிக்கும். கூடவே கைபேசிகளில் ஒரு படமும் வலம் வரும். இந்தியா பல வண்ணங்களில் ஜொலிக்கும் அந்தப் படம், தீபாவளி இரவில் நாசா எடுத்தது என்பார்கள். அது உண்மையல்ல!

● அமெரிக்காவின் நோவா நிறுவன அறிவியலாளர் கிறிஸ் எல்விட்ஜ், பல ஆண்டுச் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து 2003-இல் உருவாக்கிய படம் அது.

● வெள்ளை, 1992-க்கு முன்பே ஒளிர்ந்த பகுதிகள். நீலம் 1992-இலும், பச்சை 1998-இலும், சிவப்பு 2003-இலும் புதிதாகத் தென்பட்டவை. படம் காட்டுவது வாணவேடிக்கையை அல்ல, ஊர்களின் வளர்ச்சியை.

● 2012 தீபாவளியை ஒட்டி, நவம்பர் 12 இரவில் சுவோமி என்பிபி செயற்கைக்கோள் எடுத்த படத்தை நாசா வெளியிட்டது. அதில் தெரிந்தவை ஊர் விளக்குகளே. பண்டிகை கூட்டும் வெளிச்சம் விண்ணிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு குறைவு என்றும் விளக்கியது.

● பட்டாசுக்கும் வானியலுக்கும் உள்ள உறவு வேறு. பட்டாசில் சிவப்பு தருவது ஸ்ட்ரான்சியம். மஞ்சள் தருவது சோடியம். ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய ஒளி அடையாளத்தை வைத்தே, விண்மீன்களில் என்னென்ன உள்ளன என்று வானியலாளர்கள் கண்டறிகிறார்கள்.

அந்தப் படம் இந்த ஆண்டும் வரலாம். பகிராதீர்கள்; அனுப்பியவருக்கு உண்மையைச் சொல்லுங்கள்.