ஹார்லிக்ஸ் பாட்டிலில் போன லேகியம்

ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் செக்கு நல்லெண்ணெய் டின், நெய்த் தூக்கு, மாவடு ஜாடி எல்லாம் பெர்த்துக்கு அடியில் எங்களோடு வரும். மண்ணெண்ணெய், பெட்ரோல் மாதிரி தீப்பற்றும் சரக்காக இல்லாதவரை ரயிலில் யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தோடு விமானம் ஏறப்போய் நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

2019 டிசம்பரில் சிங்கப்பூரில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். திருச்சியிலிருந்து என் மைத்துனி பிரசவ லேகியம் கிளறிக் கொடுத்தனுப்பியிருந்தார். சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, பனைவெல்லம், நெய் என்று இரண்டு நாள் வேலை. எழுபது வயதில் அடுப்படியில் நின்று செய்தது. பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று என் மனைவி அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நானும் தலையாட்டினேன்.

பாதுகாப்புச் சோதனையில் பையைத் தனியே எடுத்து வைத்தார்கள். "இது பேஸ்ட், நூறு மில்லிக்கு மேல் அனுமதியில்லை" என்றார் காவலர். மருந்து என்று சொல்லிப் பார்த்தோம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். லேபிளும் இல்லை, டாக்டர் சீட்டும் இல்லை. "நானே ஒரு ஸ்பூன் தின்று காட்டட்டுமா?" என்று மனைவி அரைகுறை இந்தியில் கேட்டாள். அவர் சிரித்தார், ஆனால் விடவில்லை. பெட்டிகள் முன்பே போய்விட்டன. திரும்பிப் போய்ச் சேர்க்க நேரமும் இல்லை. பாட்டில் குப்பைக்கூடைக்குள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விதியைத் தெரிந்துகொள்ளாமல் போனது நான்தான்.

இந்த விதி 2006 ஆகஸ்டில் பிறந்தது. குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை மறைத்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதியை லண்டன் போலீஸ் கண்டுபிடித்தது. முதலில் கைப்பையில் திரவமே கூடாது என்றார்கள். பிறகு, ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே ஒரு கண்ணாடிப் பையில் என்று தளர்த்தினார்கள். கணக்கு பாட்டிலின் கொள்ளளவுக்குத்தான். 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சம் தைலம் இருந்தாலும் போனது போனதுதான்.

உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலை விடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரிவதில்லை. திரவம் என்றால் தண்ணீரும் எண்ணெயும் மட்டுமல்ல. தயிர், நெய், தொக்கு, புளிக்காய்ச்சல், லேகியம் எல்லாமே அதில் அடக்கம். பாத்திரம் இல்லாமல் தானாக நிற்காத எதுவும் திரவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கான பாலும் உணவும், சீட்டோடு கூடிய மருந்தும் பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டவேண்டும். பிரிட்டனில் எடின்பரோ, பர்மிங்காம் போன்ற சில நிலையங்களில் புது ஸ்கேனர் வைத்து 2025 முதல் 2 லிட்டர் வரை விடுகிறார்கள். அது அங்கே ஏறுகிறவர்களுக்கு.

செக்-இன் பெட்டியில் இந்த 100 மில்லித் தொல்லை இல்லை. அங்கே சிக்கல் வேறு. விமானம் மேலே போனதும் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்கு இறங்கிவிடும். சுமார் 8000 அடி மலைமேல் இருப்பது போல. சாமான் அறையிலும் அதே அழுத்தம்தான். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியாக வெளியே தள்ளும். (ஊட்டியில் குடித்துவிட்டு மூடிய தண்ணீர் பாட்டில் மேட்டுப்பாளையத்தில் நசுங்கியிருக்குமே, அதன் மறுபக்கம் இது.) பிளாஸ்டிக் பாட்டிலானால் லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி, மேலே டேப் சுற்றி, இரண்டு பைக்குள் போட்டு, பழைய வேட்டியில் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வையுங்கள்.

போய் இறங்கும் நாட்டின் சுங்கச் சட்டம் தனி. இந்தியாவிலிருந்து பால் பொருள்களைப் பிரிட்டனுக்குள் விடமாட்டார்கள். நெய்யும் அதில் சேர்த்தி.

மகளிடம் விஷயத்தைச் சொல்லாமல் மறுநாளே சிராங்கூன் சாலைக்குப் போய்ச் சாமான் வாங்கி, போனில் அக்காவைக் கேட்டுக் கேட்டு மனைவி கிளறினாள். கொஞ்சம் இறுகிவிட்டது. ஒரு வாய் தின்றதும், "இது பெரியம்மா கை இல்லையே" என்றாள் மகள்.