மீட்டர் பெட்டிக்குள் கை வைக்குமுன்

நமது தோட்டங்களிலிருந்து கொழும்புப் பக்கம் போன பிள்ளைகள் இப்போது கடைகளில் மட்டும் வேலை பார்ப்பதில்லை. நுகேகொடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று வயரிங் பாஸ்மாரோடு உதவியாளராகவும் போகிறார்கள். தொழிற்சாலை மீட்டர்களுக்குள் தொடர்பு கார்டு பொருத்துவது அவர்களில் சிலருக்கு வந்திருக்கும் புது வேலை. "மகன் மீட்டருக்கு கார்டு போடப் போறானாம். போனுக்கு சிம் போடுற மாதிரிதானே?" என்று பெற்றோர் நம்மிடம் கேட்கிறார்கள். கார்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அது போய் உட்காருகிற இடம்தான் வேறு.

அந்தக் கார்டு எதற்கு? முன்பு ஆள் வந்து மீட்டர் வாசித்தார். நுகேகொடைப் பகுதியில் மின்சாரம் வழங்கிவந்த, 1983ல் தொடங்கப்பட்ட லெக்கோ கம்பனி, பிற்காலத்தில் தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடிய மீட்டர்களைப் பொருத்தத் தொடங்கியது. தொழிற்சாலைகளுக்கு இது இன்னும் அவசியம். நமது தேயிலை ஸ்டோரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை யூனிட்டுக்கு விலை அதிகம். அதோடு மாதத்தில் ஏறிய ஆகக்கூடிய சுமைக்கும் தனியாகக் காசு கட்டவேண்டும். வாட்டும் விசிறி, ரோலர், ட்ரையர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் பில் ஏறும். அதை உடனுக்குடன் ஆபீசில் இருந்தே பார்ப்பதற்குத்தான் மீட்டருக்குள் இந்தக் கார்டு. (மின் வழங்குவோர் சீல் வைத்த மீட்டரை நாம் தொடவே கூடாது. இங்கே சொல்வது தொழிற்சாலை தனக்கென்று வைத்திருக்கும் மீட்டரைப் பற்றி.)

இனி ஆபத்துக்கு வருவோம். கார்டில் ஓடுவது சிறிய மின்சாரம். ஆனால் அதே மீட்டரின் பின்புறத்தில் 400 வோல்ட் வயர்கள் வந்து நிற்கும். ஆகவே கரண்ட்டை நிறுத்திவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கவேண்டும். மெயின் சுவிட்சைப் போட்டு நிறுத்தினால் போதும் என்று நினைப்பதுதான் பல இடங்களில் நடக்கும் தப்பு. மீட்டர் ஓடுவதற்கான கரண்ட் வேறொரு லைனிலிருந்து வரலாம். லைன் போனதும் ஜெனரேட்டர் தானாகவே ஸ்டார்ட் ஆகி அதே பெட்டிக்குக் கரண்ட் அனுப்பலாம். நமது ஸ்டோர்களில் ஜெனரேட்டர் இருப்பதை மறக்கவேண்டாம். எல்லா வழியையும் நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவர் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கவேண்டும். பிறகு டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பின் பெட்டியில் பார்த்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் பார்க்கவேண்டும். இடையில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் பெட்டியில் கரண்ட் இல்லாததுபோல் காட்டும் அல்லவா?

இன்னொன்று படித்த பிள்ளைகளுக்கும் தெரியாமல் போகிறது. பெரிய கேபிளைச் சுற்றி வளையம் போல் ஒன்று இருக்கும், அதை சி.டி. என்பார்கள். பெரிய கரண்ட்டை 5 அம்பியர் அளவுக்குக் குறைத்து மீட்டருக்குக் கொடுப்பது அதுதான். கேபிளில் கரண்ட் ஓடும்போது அந்த சி.டி. வயரை மீட்டரிலிருந்து கழற்றினால், அந்த முனையில் ஆளைக் கொல்லும் அளவு வோல்ட் ஏறிவிடும். குழாயை அடைத்தால் தண்ணீர் பின்னால் நின்று முட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றத்தான் வேண்டுமென்றால், முதலில் அந்த இரண்டு முனையையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டுத்தான் கழற்றவேண்டும்.

கார்டையும் காப்பாற்றவேண்டும். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் அதைக் கெடுத்துவிடும். எர்த் செய்த உலோகத்தைத் தொட்டுவிட்டு, கார்டை ஓரத்தில் பிடித்து, பின்களைப் பார்த்து நேராகச் சொருகவேண்டும். தள்ளி அழுத்தக்கூடாது. இரண்டு வயர் லைன் என்றால் கூட்டல், கழித்தல் மாறக்கூடாது. அதை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் இழுக்கவும் கூடாது. சிம் உள்ள கார்டு என்றால் ஏரியலை இரும்புப் பெட்டிக்கு வெளியே வைக்கவேண்டும். மலைநாட்டில் இடிமின்னல் நேரத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஸ்டோரில் வேலை செய்யும் அக்காமார், தம்பிமார் கவனத்துக்கு: சுவிட்சில் பூட்டோ, "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டையோ தொங்கினால், டீமேக்கர் ஐயா சொன்னாலும் அதைத் தொடவேண்டாம். பூட்டுப் போட்டவரே வந்து கழற்றட்டும். யாருக்காவது கரண்ட் அடித்தால் ஓடிப்போய் அவரைப் பிடிக்கவேண்டாம். முதலில் சுவிட்சை நிறுத்துங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தி, 2 தடவை மூச்சுக் கொடுத்து, மாறிமாறிச் செய்யுங்கள். இன்னொருவர் 1990க்குப் போன் பண்ணட்டும்; அது இலவச அம்புலன்ஸ்.

பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பும் பெற்றோர் மூன்று விஷயம் கேளுங்கள். கூடப் போகும் பாஸிடம் எலக்ட்ரிசியன் சான்றிதழ் இருக்கிறதா? கையுறை, சப்பாத்து, டெஸ்டர் யார் கொடுப்பது? நியமனக் கடிதம் உண்டா? வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி கேட்க வழி இருக்கிறது. ஆனால் யாரிடம் வேலை செய்தான் என்று காட்டக் கையில் ஒரு துண்டும் இல்லையென்றால் அலைச்சல்தான். நாள் சம்பளம் என்றாலும் ஈ.பி.எப். பிடிக்கவேண்டும், தொழிலாளியிடம் நூற்றுக்கு 8, முதலாளியிடம் 12. கடிதம் கிடைத்ததும் ஒரு பிரதியை நமது நலன்புரி அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள், பைலில் போட்டு வைக்கிறோம்.