கான்டினென்டல் ஜிடி மோட்டார் சைக்கிளின் வடிவமைப்பு குறித்த கருத்துகள்

கான்டினென்டல் ஜிடி என்பது ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட மோட்டார் சைக்கிள் ஆகும். வட சென்னையின் திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்து, புல்லட் வண்டியால் நாடெங்கும் அறியப்பட்ட நிறுவனம் இது. புல்லட்டின் நிமிர்ந்த தோற்றத்திலிருந்து வெகுவாக விலகிய கான்டினென்டல் ஜிடி, அதன் வடிவத்துக்காகவே அதிகப் பாராட்டையும் அதே வடிவத்துக்காகவே அதிக எதிர்ப்பையும் பெற்றது. பெயரில் உள்ள "ஜிடி" என்பது "கிராண்ட் டூரிங்", அதாவது சொகுசான நெடும்பயணம் என்பதன் சுருக்கம். ஆனால் வண்டியின் வடிவமோ குறுகிய தூரத்தை விரைந்து கடப்பதற்கு உரியது. இவ்வண்டி பற்றிய கருத்து வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்தே பிறந்தன.

கிராண்ட் டூரிங் என்னும் சொல்

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானியச் செல்வந்தர் வீட்டு இளைஞர்கள் கல்வியின் ஒரு பகுதியாக பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளைச் சுற்றி வந்தனர். அப்பயணம் "கிராண்ட் டூர்" எனப்பட்டது. பின்னாளில் கார் உற்பத்தியாளர்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். 1951-இல் வெளிவந்த இத்தாலியின் லான்சியா அவுரேலியா பி20 ஜிடி, இவ்வகைக் கார்களின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நீண்ட முன்மூடி, பின்னோக்கிச் சரியும் கூரை, முன்னால் இருவருக்குத் தாராளமான இருக்கை, பின்னால் சிறிய இருக்கை ஆகியவை கிராண்ட் டூரிங் காரின் பொதுவான அடையாளங்கள்.

"கான்டினென்டல்" என்பது பிரித்தானியர் பார்வையில் கடலுக்கு அப்பால் உள்ள ஐரோப்பிய நிலப்பரப்பைக் குறிக்கும். பென்ட்லி நிறுவனம் 1952-இல் ஆர்-டைப் கான்டினென்டல் என்ற காரையும், 2003-இல் கான்டினென்டல் ஜிடி என்ற காரையும் வெளியிட்டது. அந்தக் காரின் புதிய தலைமுறை 2024-இல் வந்தபோது, முகப்பில் இருந்த நான்கு விளக்குகள் இரண்டாகக் குறைந்ததே பேச்சாயிற்று.

காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இவ்விடயத்தில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. காரின் கூரையைத் தாழ்த்தினாலும், முன்மூடியை நீட்டினாலும், ஓட்டுபவர் மெத்தென்ற இருக்கையில் சாய்ந்தபடிதான் அமர்கிறார். மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரின் உடலும் வடிவத்தின் ஒரு பகுதி. கைப்பிடியை நான்கு விரற்கடை தாழ்த்தினால் முதுகு வளைகிறது. எனவே மோட்டார் சைக்கிளின் அழகு பற்றிய கருத்து, உடலின் வசதி பற்றிய கருத்தாகவும் இருந்தே தீரும்.

திருவொற்றியூர் பின்னணி

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தோன்றிய நிறுவனம். 1955-இல் அது மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் அமைந்த தொழிற்சாலையில் இந்தியப் படைக்கான 350 சிசி புல்லட் வண்டிகள் முதலில் பொருத்தப்பட்டன. பின்னர் முழுமையாகவே இங்கு உற்பத்தியாயின. எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப் என மோட்டார் தொழில் வேரூன்றிய வட்டாரம் இது.

இங்கிலாந்தில் 1970-களின் தொடக்கத்துக்குள் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முற்றிலும் நின்றுவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் இடைவிடாது தயாரானது. பெட்ரோல் டேங்கின் மீது தூரிகையைப் பிடித்துக் கையாலேயே பொற்கோடு இழுக்கும் வேலைப்பாடு இத்தொழிற்சாலையின் தனி அடையாளமாயிற்று.

1964-இன் முன்மாதிரி

2013-இன் வண்டிக்குப் பெயரும் வடிவமும் தந்தது ரெட்டிச்சில் 1964-இல் உருவான 250 சிசி கான்டினென்டல் ஜிடி. அக்காலத்தில் இங்கிலாந்தின் இளம் தொழிலாளர்கள் தங்கள் வண்டிகளின் கைப்பிடியைத் தாழ்த்தி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி, சாலையோரத் தேநீர்க் கடைகளுக்கு இடையே வேகமாக ஓட்டிச் செல்வது வழக்கம். இலண்டனின் ஏஸ் கஃபே அவர்கள் கூடும் இடங்களுள் புகழ்பெற்றது. இத்தகைய வண்டிகளே "கஃபே ரேசர்" எனப்பட்டன. இளைஞர்கள் வீட்டில் செய்துகொண்ட இந்த மாற்றங்களைத் தொழிற்சாலையிலேயே செய்து தந்ததுதான் முதல் கான்டினென்டல் ஜிடி. நிறுவனத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்களின் விருப்பங்களும் அதன் வடிவமைப்பில் இடம்பெற்றன. சிவப்பு நிற நீண்ட டேங்க், தாழ்ந்த கைப்பிடி, கூன் போன்ற பின்பகுதி கொண்ட இருக்கை ஆகியவை அதன் அடையாளங்கள்.

2013-இன் வடிவம்

இதன் முன்னோட்ட வடிவம் 2012-இல் தில்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2013 செப்டம்பரில் இலண்டனிலும், நவம்பரில் இந்தியாவிலும் வண்டி அறிமுகமானது. 535 சிசி ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் ஏறத்தாழ 29 குதிரைத் திறன் தந்தது. தோற்ற வடிவமைப்பில் பிரித்தானியாவின் செனோபியா நிறுவனமும், சட்டக வடிவமைப்பில் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனமும் பங்கேற்றன. பிரேக், டயர், பின்புற ஷாக் அப்சார்பர் ஆகியவை இத்தாலியப் பெயர் பெற்ற நிறுவனங்களுடையவை.

பாராட்டுகள்

முதல் பாராட்டு, பக்கவாட்டுத் தோற்றத்துக்கு. வட்ட விளக்கிலிருந்து டேங்க் வழியாக இருக்கையின் கூன் வரை கண் தடையின்றிச் செல்கிறது. ஓட்டுபவரின் முழங்கால் பொருந்துமாறு டேங்கின் இருபுறமும் குழிந்திருப்பது, அழகும் பயனும் ஒன்றாக அமைந்த இடமாகச் சுட்டப்பட்டது. இயந்திரத்தை மூடி மறைக்காமல், அதன் காற்றுக் குளிர்விப்புத் தகடுகளையே அழகாகக் காட்டியதும் வரவேற்கப்பட்டது. பிளாஸ்டிக் உறைகளும் ஒட்டுப் படங்களும் நிறைந்த வண்டிகளுக்கிடையே இந்த எளிமை தனித்துத் தெரிந்தது.

எதிர்க் கருத்துகள்

முக்கியமான எதிர்ப்பு, அமரும் நிலையைப் பற்றியது. தாழ்ந்த கைப்பிடியும் பின்தள்ளிய கால்தாங்கியும் ஓட்டுபவரை முன்னோக்கிச் சாய்க்கின்றன. வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்குவதால் கைகளுக்குச் சுமை குறையும். மெதுவாகச் செல்லும்போது அந்தத் தாங்கல் கிடைப்பதில்லை. மேலுடலின் எடை மணிக்கட்டில் இறங்குகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச்சாலையிலும் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, கிளட்சையும் பிரேக்கையும் மாறி மாறிப் பிடித்து நகர்வோருக்கு இது சிறிய குறையன்று.

இரண்டாவது எதிர்ப்பு, இருக்கை பற்றியது. இந்தியாவில் மோட்டார் சைக்கிள் பல வீடுகளுக்குக் குடும்ப வாகனம். ஒருவர் மட்டும் அமரும் கூன் இருக்கையை அடையாளமாகக் கொண்ட வண்டி, மனைவியையோ பிள்ளையையோ பின்னால் ஏற்றிச் செல்பவருக்கு உதவாது. இருவர் அமரும் இருக்கையைத் தனியே தெரிவு செய்யலாம் என்றாலும், அதைப் பொருத்தியதும் வடிவத்தின் சிறப்பே குறைந்துவிடுகிறது என்று ரசிகர்கள் வருந்தினர்.

மூன்றாவது, பெயர் பொருந்தவில்லை என்பது. நெடும்பயணத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு, மூட்டை கட்ட இடமின்றி, ஒரு மணி நேரத்தில் தோளை வலிக்கச் செய்யும் வண்டியை "ஜிடி" என அழைப்பது முறையா என்று கேட்கப்பட்டது. 1964-இன் வண்டிக்கும் இக்கேள்வி பொருந்தும். ஆகவே பெயர் பயன்பாட்டைக் குறிக்கவில்லை, ஒரு கனவையே குறிக்கிறது என்பது இதற்கான மறுமொழி.

யாருடைய பழமை?

இன்னும் ஆழமான விமர்சனம் ஒன்றும் உண்டு. கான்டினென்டல் ஜிடி நினைவூட்டும் பழமை 1960-களின் இங்கிலாந்து இளைஞர்களுடையது. அதே ஆண்டுகளில் திருவொற்றியூரில் உருவானதோ, படைவீரரும் காவலரும் ஓட்டிய புல்லட். சென்னைக்கு அதன் சொந்தப் பந்தய மரபும் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. அந்த நினைவுகள் இருக்க, ஏஸ் கஃபேயை ஏன் நாட வேண்டும் என்பது இவ்விமர்சனத்தின் சாரம்.

உலகச் சந்தையில் நுழைய விரும்பிய நிறுவனத்துக்கு, இலண்டன் வாங்குநர் உடனே அடையாளம் காணும் வடிவம் தேவைப்பட்டது என்பது எதிர்வாதம். 2013-ஆம் ஆண்டில்தான் ஒரகடத்தில் நிறுவனத்தின் புதிய தொழிற்சாலையும் செயல்படத் தொடங்கியது. உற்பத்தியின் பெரும்பகுதி வட சென்னையிலிருந்து நகரின் தென்மேற்கே நகரத் தொடங்கிய காலமும், வண்டியின் தோற்றம் புல்லட்டிலிருந்து விலகத் தொடங்கிய காலமும் ஒன்றாக அமைந்தன.

ஒரே இயந்திரம், இரு வடிவங்கள்

2017 நவம்பரில் மிலான் கண்காட்சியில் நிறுவனம் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் இரண்டை அறிமுகப்படுத்தியது. 2018 நவம்பரில் இவை இந்தியச் சந்தைக்கு வந்தன. இயந்திரமும் அடிப்படைச் சட்டகமும் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இன்டர்செப்டர் 650 நிமிர்ந்து அமரும் அகலமான கைப்பிடியும் 13.7 லிட்டர் டேங்கும் கொண்டது. கான்டினென்டல் ஜிடி 650 தாழ்ந்த கைப்பிடியும் 12.5 லிட்டர் நீண்ட டேங்கும் கொண்டது. முந்தைய 535 சிசி வண்டியைவிட இதில் சாய்வு சற்றுக் குறைக்கப்பட்டிருந்தது.

வடிவம் பற்றிய விவாதத்துக்கு இதைவிடத் தெளிவான சோதனை அமைவது அரிது. பார்வைக்கு அழகானது ஜிடி என்று சொன்னவர்களில் பலரும் அன்றாடம் ஓட்டுவதற்கு இன்டர்செப்டரையே பரிந்துரைத்தனர். விற்பனையிலும் இன்டர்செப்டரே முந்தியது. 2019-ஆம் ஆண்டுக்கான இந்தியாவின் சிறந்த மோட்டார் சைக்கிள் விருதும் அதற்கே கிடைத்தது. நெடும்பயணத்துக்கு உகந்த பண்புகள் ஜிடி என்று பெயரிடப்படாத வண்டியில் அமைந்தது இதில் உள்ள முரண்.

பிந்தைய மாற்றங்கள்

2023-இல் இரு வண்டிகளிலும் கறுப்பு நிற இயந்திரமும் அலாய் சக்கரமும் கொண்ட வகைகள் சேர்க்கப்பட்டன. ஆரக்கம்பிச் சக்கரமும் குரோமியப் பளபளப்பும் போனால் பழமையின் அழகு போய்விடும் என்பது ஒரு தரப்பு. டியூப் இல்லாத டயர் பஞ்சரின்போது தரும் நிம்மதியே பெரிது என்பது மறுதரப்பு. கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கும் இராயபுரம், எண்ணூர் போன்ற பகுதிகளில் குரோமியப் பாகங்களை அடிக்கடி துடைத்துப் பேண வேண்டியிருப்பதும் இதில் கருதத்தக்கது.

கான்டினென்டல் ஜிடியின் சாய்ந்த அமர்வுக்கு உரிய இடமாகப் பந்தயத் தடம் அமைந்தது. 2021 முதல் இவ்வண்டியின் பந்தய வடிவத்தைக் கொண்டே கான்டினென்டல் ஜிடி கோப்பைப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. சாலையில் குறையாகச் சொல்லப்பட்ட தாழ்ந்த கைப்பிடியும் பின்தள்ளிய கால்தாங்கியும் தடத்தில் வளைவுகளைக் கடக்கத் துணை செய்கின்றன.