'பப்பி ஷேம்' என்றால் டீச்சருக்குப் புரியுமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. முதல் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளியில் படித்ததைச் சாப்பிட்டுக்கொண்டே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தலை, தோள், வயிறு, முழங்கால் என்று பிரெஞ்சில் வரிசையாகச் சொல்லி வந்தவள், அதே குரலில் 'வுல்வ்' என்றும் சொன்னாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, "அது என்னடா கண்ணு?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

அம்மாவிடம் சொல்ல என்னிடம் தமிழில் வார்த்தை இல்லை. ஒரு பக்கம் பாடப்புத்தக வார்த்தை, இன்னொரு பக்கம் தெருச்சண்டை வார்த்தை. குழந்தையிடம் சொல்ல நம்ம வீடுகளில் இருப்பது 'பப்பி ஷேம்' மட்டும்தான். அதுவும் தமிழ் இல்லை. அதோடு, அதன் பாதி அர்த்தமே வெட்கம்.

அதே வாரம், நாங்கள் இருக்கும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. "மாண்ட்ரியல் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைத்தான் காட்டுகிறார்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று கூடவே ஒரு குரல் பதிவு. கேட்டதும் எனக்கும் பக்கென்றது. பிறகு தேடிப் பார்த்தேன். அது ராபி ஹாரிஸ் எழுதி 1994இல் அமெரிக்காவில் வெளிவந்த 'இட்ஸ் பெர்ஃபெக்ட்லி நார்மல்' புத்தகத்தின் பக்கம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று எழுதப்பட்ட புத்தகம் அது. என் மகளின் பையில் இருந்த தாளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் கியூபெக் பள்ளிகளில் உண்மையில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்? பாலியல் கல்வி 2018 செப்டம்பரில் இங்கே எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமானது. ஆண்டுக்கு 5 முதல் 15 மணி நேரம். 2024 முதல் அது 'கியூபெக்கின் பண்பாடும் குடியுரிமையும்' என்ற புதிய பாடத்துக்குள் சேர்ந்துவிட்டது. சின்ன வகுப்புகளில் உறுப்புகளின் பெயர், குழந்தை எப்படி உருவாகிப் பிறக்கிறது, யாராவது தவறாகத் தொட்டால் 'வேண்டாம்' என்று சொல்லி விலகி நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வது ஆகியவை வருகின்றன. பருவமடைதல் ஆரம்பப் பள்ளியின் மேல் வகுப்புகளில். கருத்தடை, பால்வினை நோய் போன்றவை உயர்நிலைப் பள்ளியில்தான்.

எதிர்ப்பவர்களை எல்லாம் அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடவும் என்னால் முடியவில்லை. 2023 செப்டம்பர் 20 அன்று கனடா முழுக்க நடந்த ஊர்வலங்களில் மாண்ட்ரியல் பெற்றோரும் நடந்தார்கள். அவர்களில் சிலரின் கோபம் பாலின அடையாளப் பாடங்கள் மீது. சிலரின் கோபம் சாதாரணமானது: "என் பிள்ளைக்கு என்ன சொல்லித்தருகிறீர்கள் என்று எனக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள்." இது நியாயமான கேள்வி. சட்டம் 101இன்படி நம்மில் பெரும்பாலோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறார்கள். கடிதமும் பிரெஞ்சில்தான் வருகிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் இரவு வேலை முடித்து வரும் ஒரு அப்பாவுக்கு அந்தக் கடிதம் புரியாது. தமிழில் வரும் வாட்ஸ்அப் குரல் நன்றாகப் புரியும். அவர் எதை நம்புவார்?

பக்கத்து மாகாணத்தில் இதே சண்டை முன்பே நடந்தது. 2015இல் ஒன்டாரியோவின் புதிய பாடத்திட்டத்தை எதிர்த்து டொராண்டோவின் தோர்ன்கிளிஃப் பார்க் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். 2018இல் டக் ஃபோர்டு அரசு வந்து அதை நிறுத்தியது. 2019இல் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. பெற்றோர் விலக்குக் கேட்கும் வழி அதில் இருந்தது. ஆனால், முதல் வகுப்பில் உறுப்புகளின் சரியான பெயரைக் கற்பிப்பது அதிலும் அப்படியே இருந்தது. அவ்வளவு கூச்சலுக்குப் பிறகும் அதை யாராலும் எடுக்க முடியவில்லை. ஏன்?

பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 2007இல் இந்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கேட்கப்பட்ட குழந்தைகளில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. அதே 2007இல்தான் மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகா உள்ளிட்ட பல மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் 'பண்பாட்டுக்கு ஒவ்வாதது' என்று நிறுத்தின. போக்சோ சட்டம் வர 2012 ஆனது. சட்டம் வந்தாலும் குழந்தை வாயைத் திறந்து சொன்னால்தானே வழக்கு?

இங்கேதான் என் மகளுக்கு ஒரு சிக்கல். அவள் வகுப்பில் போய், "ஒருத்தர் என் பப்பி ஷேமைத் தொட்டார்" என்று சொன்னால் டீச்சருக்கு ஒன்றும் புரியாது. சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதனால் பள்ளி தரும் பிரெஞ்சு வார்த்தை அவளுக்கு வேண்டும். சரி, அது கிடைத்துவிட்டது.

ஆனால் அவள் சனி, ஞாயிறு இருப்பது பிரெஞ்சு உலகத்தில் இல்லை. கோயில், பிறந்தநாள் விருந்து, பாட்டு வகுப்பு, நண்பர் வீட்டு மாடியறை. சுற்றி இருப்பவர்கள் அங்கிள், ஆன்ட்டி, அண்ணா, தாத்தா. அங்கே ஏதாவது நடந்தால் அவள் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியது என் அம்மாவிடம். 'வுல்வ்' என்றால் என் அம்மாவுக்கு என்ன தெரியும்? அந்த வார்த்தையை எந்த அரசும் எந்தப் பாடத்திட்டமும் அவளுக்குத் தராது. நான்தான் தர வேண்டும்.

எதிர்க்கும் நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: பள்ளி சொல்லித்தரக் கூடாது, வீடுதான் சொல்லித்தர வேண்டும் என்கிறீர்கள். நல்லது. வீட்டில் சொல்லிவிட்டீர்களா? ஆதரிக்கும் நண்பர்களிடமும் அதே கேள்விதான். பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நாம் கையைக் கழுவிவிட முடியாது. அடுத்த முறை குரல் பதிவு வந்தால் அனுப்புவதற்கு முன் டீச்சரிடம், "இந்த ஆண்டு என்ன பாடம், தாளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவர் அதைத் தமிழில் எழுதிக் குழுவில் போட்டால் பாதிச் சண்டை குறையும். எங்கள் குழுவில் இந்த வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மகளைக் குளிப்பாட்டப் போன அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, இனிமே பப்பி ஷேம் வேண்டாம். 'பெண்ணுறுப்பு'ன்னு சொல்லுங்க. அது அசிங்கம் இல்லை, அவ உடம்பு." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க காலத்துல இப்படி ஒரு வார்த்தை இருந்திருந்தா, எங்கம்மாகிட்ட நானும் சொல்லியிருப்பேன்."

என்ன சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். உள்ளே இருவரும் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பது கேட்டது.